நல்லதண்ணிக் கிணற்றடி நாய்

தெருவாசல் படலையில் ஒரு பலகை தொங்கியது. ‘கடிநாய் கவனம்’ என்று அதில் எழுதியிருந்தது. பிள்ளைகளே, உங்கள் அப்பா அதை வாசிக்காமல் உள்ளே போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். நன்றாக வாசித்துவிட்டுத்தான் போனேன்.

அந்த நாட்களில் அரியாலையில் பாதி வீட்டுப் படலைகளில் அப்படியொரு பலகை இருந்தது. வீட்டுக்காரர் கனடாவுக்கோ ஜேர்மனிக்கோ போயிருப்பார். நாய் செத்திருக்கும். பலகை மட்டும் ஒற்றை ஆணியில் ஆடிக்கொண்டிருக்கும். இப்படி எத்தனையோ பலகைகளைக் கண்டு கண்டு, அதற்குப் பயப்படுகிற வழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

நாங்கள் அப்போது வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து அரியாலைக்கு வந்த புதிது. தொண்ணூற்றொன்றாக இருக்கவேண்டும். உங்கள் பெரியக்கா அம்மாவின் இடுப்பில் இருந்த வயது. எனக்கு ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலை கிடைத்திருந்தது. கிடைத்த வீடும் பரவாயில்லை, கிணறுதான் சரியில்லை. கடல்நீரேரி கிட்ட என்றபடியால் தண்ணீர் உவர். தேநீர் குடித்தால் மீன் அவித்த தண்ணீர் குடித்தது போல இருக்கும்.

“பின்தெருவிலை நல்லதண்ணி அக்கா வீட்டிலை போய்க் கேளுங்கோ. ஆருக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டா” என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்த அக்காவின் கிணறு ஒன்றுதான் அந்த வட்டாரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. அதனால் கிணற்றின் பெயரே அவவின் பெயராகிவிட்டது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், ஐம்பது வயது தாண்டியவ, தனியாக இருந்தா. இவ்வளவும் சொன்னார்கள். எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் ஊருக்குப் புதியவன். முதன்முதலாக ஒரு வீட்டுக்கு உதவி கேட்டுப் போகிறவன் ஒழுங்காகப் போகவேண்டும் அல்லவா? தோய்த்த சேட்டு ஒன்றைப் போட்டு, தலை வாரி இழுத்து, தெருவால் சுற்றி முன்படலைக்குப் போனேன். “வீட்டிலை ஆர் இருக்கிறியள்?” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வளவின் பின்பக்கம் வாளிச் சத்தமும் பெண்களின் கதையும் கேட்டன. படலையைத் தள்ளினேன். அசையவில்லை. அதன் அடியில் புல் முளைத்து நின்றது. தூக்கித் தள்ளித்தான் திறந்தேன். அடியில் புல் முளைத்த படலை ஒன்றைக் கண்டால் மனிதன் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை.

நாய் குரைக்காமல் வந்தது. பெரிய நாய் என்றும் சொல்ல முடியாது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்து கிடந்தது. வந்து என் இடது கெண்டைக்காலைப் பிடித்தது, ஒரு முறை உலுப்பியது, விட்டது. பிறகு தன் வேலை முடிந்தது போலத் திரும்பிப் போய்க் கிணற்றடியில் படுத்துக்கொண்டது.

அக்கா ஓடி வந்தா. அவவின் வாயிலிருந்து வந்த முதற் பேச்சு இதுதான்:

“ஐயோ தம்பி, ஆர் உங்களைப் படலையாலை வரச்சொன்னது?”

படலையால் வராமல் வேறு எதனால் வருவது என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கிற நிலையிலும் நான் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் வாளியும் கையுமாக என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“உது ஆளைப் பாத்துத்தான் கடிக்கும். கள்ள மனம் உள்ளவையைத்தான்.”

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா செய்த முதல் வேலையை உங்களுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கும் ஒரு நாள் உதவும். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத காலம். பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். பிள்ளைக்கென்று ஒரு துண்டுச் சவர்க்காரத்தைத் துணியில் சுற்றி அம்மா ஒளித்து வைத்திருந்தா. அதை எடுத்து, காயத்தில் தேய்த்துத் தேய்த்து, அது கரைந்து முடியும்வரை கழுவினா. நான் “போதும், போதும்” என்று கத்தினேன். பிறகு ஆசுபத்திரியில் டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, “ஆர் கழுவினது? நல்ல வேலை” என்றார். நாய் கடித்தால் முதல் மருந்து அதுதான். சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும்.

“ஆற்றை நாய்?” என்று, நாய் யாருடையது என்பதை டொக்டர் கேட்டார்.

“நல்லதண்ணி அக்கான்ரை நாய்.”

“அப்ப நல்லது. ஆற்றையோ நாய் எண்டால் நல்லது. ஆற்றையும் இல்லாத நாய்தான் எனக்குத் தலையிடி.” அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். “இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, அந்த நாயைக் கண்ணுக்கை வைச்சிருக்கவேணும். தின்னுதோ, தண்ணி குடிக்குதோ, ஆளை அடையாளம் பிடிக்குதோ எண்டு பாரும். இரண்டு கிழமையும் சுகமா நிண்டால் அதுக்கு விசர் இல்லை, உமக்கும் பயமில்லை. இடையிலை செத்தாலோ காணாமல் போனாலோ உடனை ஓடி வாரும்.”

“ஓடி வந்தால் ஊசி இருக்கோ, டொக்டர்?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“கப்பல் வந்தால் இருக்கும்” என்றார். தரைப்பாதை மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் மருந்து கப்பலில்தான் வந்தது.

முந்திய காலத்தில் நாய்களுக்கு ஊசி போட வீடு வீடாக ஆட்கள் வருவார்கள். அதுவும் நின்று சில காலம் ஆகியிருந்தது. ஆகவே அந்த நாய்க்கு விசர் என்கிற வெறிநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த நாய்தான். அது உயிரோடு, என் கண்ணுக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும். என்னைக் கடித்த நாயின் நீண்ட ஆயுளுக்காக நான் அன்று பின்னேரம் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். சிரிக்காதீர்கள்.

அன்றே அம்மாவும் நானும் அக்கா வீட்டு வேலியோரம் போய் நின்று கூப்பிட்டோம்.

“அக்கா, உங்கடை நாயைக் கொஞ்ச நாளைக்குக் கட்டி வைக்கவேணுமாம்.”

“என்ரை நாயோ? ஆர் சொன்னது என்ரை நாய் எண்டு?”

“உங்கடை வளவுக்கைதானே நிக்குது?”

“தம்பி, என்ரை வளவுக்கை காகமும் நிக்குது. அதுவும் என்ரையோ?”

கிணற்றடியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சோறு ஆர் வைக்கிறது அக்கா?”

“மிஞ்சினதைக் கொட்டுறன். அது வந்து தின்னுது. அதுக்கு நான் பிணையோ?”

“அப்ப படலையிலை பலகை தொங்குதே?”

“அது அவர் இருக்கேக்கை அடிச்ச பலகை. அது முந்தின நாய்க்கு.”

அம்மாதான் பேசினா. “அக்கா, நாய் ஆற்றை எண்டது எனக்கு வேண்டாம். இந்த மனுசன் தப்புமோ எண்டுதான் எனக்குத் தெரியவேணும்” என்று சொல்லி, டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னா. சொல்லும்போது இடுப்பில் இருந்த பிள்ளை அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. அக்காவின் குரல் இறங்கியது.

“கட்டேலாது பிள்ளை. உது பிறந்த நாள் தொடக்கம் கயிறு காணாத நாய். கட்டினால் கழுத்தை அறுத்துப்போடும். தம்பி நாளாந்தம் வந்து பாக்கட்டும். தண்ணியும் அள்ளிக்கொண்டு போகட்டும். ஆனால் தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன், படலையாலை வராதேங்கோ. பொட்டாலை வாங்கோ. எல்லாரும் பொட்டாலைதானே வாறவை!”

பொட்டு என்றால் வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. எங்கள் ஊர்களில் அயல் வளவுகளுக்கு இடையில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் அயலே இல்லை. நெருப்பு வாங்குவதும் கறி கொடுப்பதும் சண்டை பிடிப்பதும் அதற்கூடாகத்தான். அக்கா வீட்டுப் பின்வேலியில் இருந்த பொட்டு, ஆட்கள் வாளியோடு போய்வந்து தேய்ந்து, ஒரு சின்ன வாசல் போலவே ஆகியிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் வாளியோடு பொட்டால் நுழைந்தேன். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து வந்தது. வாளியை மணந்தது. போய்ப் படுத்துக்கொண்டது.

என்னை நேற்றுக் கண்டதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

பின்னேரங்களில் தண்ணீர் அள்ள வந்தவர்கள் போனபின், அக்கா தன் தகர வாளியின் கைபிடியை இரண்டு முறை வாளியில் அடிப்பா. டங், டங். அதுதான் நாய்க்குச் சாப்பாட்டு மணி. அது தின்று முடிந்ததும் வாளியில் மிஞ்சிய தண்ணீரை ஒரு சிரட்டையில் ஊற்றுவா. நாய் அதை நக்கிக் குடித்து முடிக்கும்வரை நான் வீட்டுக்குப் போகமாட்டேன். விசர் வந்த நாய்க்குத் தண்ணீர் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நக்குகிற சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

வீட்டில் அம்மா என்னை அதே மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா. நேரம் காலம் இல்லாமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “குடியுங்கோ” என்பா. “விடாயில்லை” என்றால் முகம் வெளிறிவிடும். என் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கண்டபிறகுதான் அப்பால் போவா. அந்த இரண்டு கிழமையும் நான் குடித்த தண்ணீருக்கு அந்தக் கிணறு வற்றாதது பெரிய காரியம்.

சங்கக்கடையில் வேறு தொல்லை. சாமான் வாங்க வந்த ஒருவர் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

“அண்ணை, நிறையைச் சரியாப் போடுங்கோ. நல்லதண்ணி அக்கான்ரை நாய் கடிச்ச ஆளல்லோ நீங்கள்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றிலிருந்து சிலர் தராசின் முள்ளைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஊருக்குப் புதியவனுக்கு அது சின்ன விடயம் இல்லை.

நாலைந்து நாள் போனபின் அந்த நாய் என் கால்மாட்டில் வந்து படுத்தது. கட்டுப் போட்ட காலை மணந்து, வாலையும் ஆட்டியது. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம் பெரிதாகிவிட்டது. கள்ள மனத்தை மணந்து கண்டுபிடிக்கிற நாய் என்றால், என் மனம் ஒரே நாளில் எப்படித் திருந்தியது? நான் அறியாமல் திருந்தினேனா?

கிணற்றடிப் பெண்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

“இது இதுக்கு முதல் ஆரைக் கடிச்சது?”

“தபால்காரரை. அந்தாள் கடிதங்களை உடைச்சுப் பாக்கிறதாம்.”

“பிறகு?”

“கலியாணம் பேச வந்த தரகரை. வாய் திறந்தால் பொய்தானே! பிறகு கோயிலாலை அறிவிக்க வந்த ஒருத்தரை. வெளிப்பார்வைக்கு நல்ல மனுசன்தான். ஆனால் நாய்க்குத் தெரியும்.”

கடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. என்னுடையது மட்டும் இன்னும் விசாரணையில் இருந்தது.

“அவையெல்லாம் எதாலை உள்ளுக்கு வந்தவை?” என்று கேட்டேன்.

“எதாலை வாறது? வெளியார் எண்டால் படலையாலைதானே.”

சொன்னவள் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் நேரே அக்காவிடம் போனேன்.

“அக்கா, ஒரு சின்ன வேலை செய்து பாப்பமோ? கொஞ்ச நேரத்துக்கு நாயை மாமரத்திலை கட்டுங்கோ.”

“என்னத்துக்கு?”

“படலையாலை ஒருக்கா வந்து பாக்கப்போறன்.”

“தம்பிக்குத்தான் விசர் பிடிச்சிட்டுது” என்றா அக்கா. ஆனால் அவவுக்கும் அறிய ஆவல் வந்துவிட்டது. கட்டேலாது என்று சொன்னவவே ஆட்டுக்கயிறு ஒன்றை எடுத்து நாயைக் கட்டினா. நான் பொட்டால் வெளியே போய், மறுபடி பொட்டால் உள்ளே வந்தேன். நாய் வாலை ஆட்டியது. மறுபடி வெளியே போய், தெருவால் சுற்றி, படலையைத் தூக்கித் திறந்தேன். அதே சாரம், அதே சேட்டு, கையில் அதே வாளி. நாய் கயிற்றின் எல்லைக்குப் பாய்ந்து, பல் தெரிய உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே வராமல் திரும்பிச் சுற்றிப் பொட்டால் வந்தேன். வாலை ஆட்டியது.

கிணற்றடியில் நின்றவர்கள் வாளிகளை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்கள்.

“அக்கா, நீங்கள் படலையாலை வந்து எவ்வளவு காலம்?”

அவ யோசித்தா. “நானோ… நானும் பொட்டாலைதானே போய்வாறன்.”

“ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

“எனக்கு என்ன செய்யும்? நான் சோறு போடுறவள்!” என்று சொல்லிக்கொண்டு அக்கா பொட்டால் வெளியேறினா. சுற்றிப் போய்ப் படலையைத் திறந்தா. நாய் உறுமியது. அவவின் கையால் தின்கிற நாய், அவவைப் பார்த்தே உறுமியது. இரண்டடி உள்ளே வந்ததும் மணத்தைப் பிடித்து, குழம்பி, குனிந்து அனுங்கியது. ஆனால் அந்த முதல் உறுமலை எல்லாரும் கேட்டுவிட்டோம். அக்கா படலையைப் பிடித்தபடியே நின்றா.

அன்றைக்குத்தான் அவ நாயின் கதையைச் சொன்னா. அது குட்டியாக வந்து சேர்ந்தது, இராணுவம் தெருவால் ரோந்து போன காலத்தில். ஆட்கள் தெருவுக்கு இறங்கப் பயந்து, ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்குப் பொட்டால் பொட்டாலேயே ஊர் முழுக்கப் போய்வந்தார்கள். நல்லவர்கள், தெரிந்தவர்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் பொட்டால்தான். படலையால் வந்தவர்கள் சோதனைக்கு வந்தவர்கள் மட்டுமே. அவர்கள் படலையைக் கையால் திறப்பதில்லை.

ரோந்து போய்விட்டது. பழக்கம் போகவில்லை. எங்களுக்கும் போகவில்லை, நாய்க்கும் போகவில்லை. அந்த நாய்க்குப் பொட்டுத்தான் வாசல். படலை வெறும் வேலி. வேலியைப் பிரித்துக்கொண்டு வருகிறவனை அது கடித்தது. அதைத்தானே நாயிடம் எதிர்பார்க்கிறோம்?

“அப்ப அந்தத் தபால்காரர் பாவம்” என்றாள் ஒருத்தி.

அக்கா நாயை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டா. கவனம் என்று எழுதிய படலையைத் திறந்து, ஒழுங்காகக் கூப்பிட்டு வந்தவர்களையே அது கடித்திருக்கிறது என்பது அவவுக்கு அப்போதுதான் ஏறியிருக்கவேண்டும்.

மறுநாள் மத்தியானம் நான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுசர், இரண்டு தெரு தள்ளி இருந்தவர். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணை, இனி நீங்கள் பயப்பிடத் தேவையில்லை. நாயின்ரை அலுவல் முடிஞ்சுது.”

என் கையிலிருந்த பருப்பு தராசுக்கு வெளியே கொட்டியது.

“என்ன… சாகடிச்சுப்போட்டியளோ?”

“சீச்சீ! பாவம். அக்கா ராத்திரி முழுக்க அழுகை. என்னையும் பாத்து உறுமிச்சுது, ஊரையும் கடிச்சுப்போட்டுது எண்டு. விடியவே சாக்கிலை போட்டுக் கட்டி, பாசையூர்க் கரையிலை கொண்டுபோய் விட்டிட்டன். மீன் தலை திண்டு கொழுத்திடும். உங்களுக்கும் நிம்மதி, அக்காவுக்கும் நிம்மதி.”

இதை அவர் எனக்குச் செய்த உபகாரமாகவே நினைத்தார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். வேண்டாத நாயைக் கொல்ல மனம் வராது. சோறு கிடைக்கிற இடமாகப் பார்த்து விட்டுவிட்டு வருவோம். விட்ட இடத்தில் இருப்பவர்களை நினைப்பதில்லை. நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு வடிந்தது.

“ஐயோ அண்ணை, எனக்கொருத்தரும் சொல்லேல்லையே!”

கடையை மற்றவரிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினோம். நாய் காணாமல் போனதை அவ அதுவரை அறியவில்லை. விடியவே எங்கோ மேயப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறா. தம்பியாரை ஏசி முடிக்க அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, “நானும் வாறன். நீங்கள் கூப்பிட்டால் வராது” என்றா. தகர வாளியைக் கையில் எடுத்தா.

“வாளி என்னத்துக்கு அக்கா?” என்றார் தம்பியார்.

“நீ சைக்கிளை எடு.”

தம்பியாரின் சைக்கிள் கரியரில் அக்கா, அவவின் மடியில் வாளி. பின்னால் என் சைக்கிளில் நான். போகிற வழியெல்லாம் தெரிந்தவர்கள் கேட்டார்கள்: “என்ன நல்லதண்ணி அக்கா, நீங்களும் தண்ணிக்கு அலையிறியளோ?”

பாசையூர்க் கரையில் நாய்கள் ஒன்றா இரண்டா. கரைக்கு இழுத்த வள்ளங்களின் நிழலில், வலை காய்கிற கம்பங்களின் அடியில், எங்கும் நாய். அதில் பாதி செம்மண் நிறம். தம்பியார் “உஞ்சு, உஞ்சு” என்று கூப்பிட்டார். கரையில் இருந்த அத்தனையும் எழுந்து எங்களிடம் வந்தன. அக்காவின் நாய் அதில் இல்லை. தொண்டை காய்ந்தது. விடாயா, வேறு ஏதுமா என்று எனக்கே சந்தேகம்.

அக்கா தம்பியாரைத் தள்ளிவிட்டு முன்னால் போனா. வாளியின் கைபிடியைத் தூக்கி அடித்தா. டங், டங்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் அடியிலிருந்து மடிந்த காது ஒன்று வெளியே வந்தது.

நாய் மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்து வாளிக்குள் தலையை விட்டது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தா. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், கழுத்தில் செபமாலையும் கையில் கத்தியுமாக எழுந்து வந்தாள்.

“உது உங்கடை நாயோ?”

அக்கா நிமிர்ந்தா. தம்பியார் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

“ஓம். என்ரை நாய்தான்.”

“உங்கடை நாய் எண்டால் என்னத்துக்குச் சாக்கிலை கட்டி இஞ்சை போட்டனியள்? விடியக் கண்டனான், சாக்கு துள்ளிக்கொண்டு கிடந்தது. நான்தான் அவிட்டுவிட்டது.”

“ஆளைக் கடிச்சுப்போட்டுது. அதாலை என்ரை தம்பி…”

“கடிக்கிற நாயோ!” அவளுடைய குரல் உயர்ந்தது. “பார், என்ரை பிள்ளையள் மூண்டும் அந்த வள்ளத்தடியிலைதான் விளையாடுதுகள். உங்கடை பிள்ளையளைக் கடிக்கக்கூடாது, எங்கடையைக் கடிக்கலாமோ?”

தம்பியார் சமாதானம் சொல்ல நினைத்தார். “இல்லை தங்கச்சி, இது படலையாலை வந்தால் மட்டும்தான் கடிக்கும். இஞ்சை படலை இல்லைத்தானே.”

“ஓம், இஞ்சை படலையும் இல்லை, வேலியும் இல்லை. உனக்கு மூளையும் இல்லை!”

கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “தங்கச்சி, பிழை எங்கடைதான். கடிச்சதும் என்ரை நாய், கொண்டுவந்து விட்டதும் என்ரை தம்பி. இனி இது என்ரை கையாலை போகாது” என்றா. அந்தப் பெண் கத்தியோடு வலைப்பக்கம் போனாள். பிறகு வலைக்கயிறு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். “சாக்கிலை கொண்டு போகாதேங்கோ. நடத்திக்கொண்டு போங்கோ” என்றாள்.

அப்படித்தான் போனோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்தா. நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தோம். கயிறு காணாத நாய் என்று சொன்னாவே, அது முதலில் இழுத்தது, படுத்தது, உருண்டது. பிறகு வாளிக்குப் பக்கத்தில் ஒழுங்காக நடந்தது. கழுத்தை அறுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அக்கா செய்த வேலைதான் எனக்கு இன்றும் மறக்காமல் இருக்கிறது. நாயைக் கிணற்றடியில் கட்டவில்லை. முன்படலைக்கு உட்பக்கம், ஆள் நடக்கிற பாதைக்கு எட்டாத தூரத்தில், முருங்கை மரத்தில் கட்டினா. தம்பியாரைக் கொண்டு பொட்டைக் கிடுகு வைத்து அடைப்பித்தா. படலையடிப் புல்லைச் செதுக்குவித்தா. அடுத்த நாள் வாளியோடு வந்தவர்கள் அடைத்த வேலியைப் பார்த்துக் கத்தினார்கள்.

“என்னக்கா, தண்ணி தரமாட்டியளோ?”

“தருவன். தெருவாலை சுத்திப் படலையாலை வாங்கோ.”

“உவ்வளவு தூரம் ஆர் காவுறது?”

“நல்ல தண்ணியெண்டால் காவுங்கோ. வேண்டாமெண்டால் உவரைக் குடியுங்கோ.”

வாளிகள் படலையால் வரத் தொடங்கின. நாய் முதலில் ஒவ்வொரு வாளிக்கும் பாய்ந்தது. அக்கா பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, படலை திறக்கும் ஒவ்வொரு முறையும் டங், டங் என்று அடித்து, ஒரு கவளம் போட்டா. வெயில் ஏறும்வரை காலையில், பிறகு பின்னேரம் முழுக்க. வேறு வேலை ஒன்றும் பார்க்கவில்லை. வாளியோடு உள்ளே போனது அம்மாதான், நான் தெருவில் எட்டி நின்று பார்ப்பேன். அது தண்ணீரை நக்குகிற சத்தம் கேட்டதும் வீட்டுக்குப் போவேன்.

இரண்டு கிழமை முடிந்தது. ஆசுபத்திரிக்குப் போனேன். டொக்டர் என்னைக் கண்டதும், “நாய் எப்பிடி?” என்றுதான் கேட்டார்.

“நல்ல சுகம், டொக்டர்.”

“அப்ப நீரும் நல்ல சுகம். போம்.”

அன்று பின்னேரம் பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயை உடைத்துவிட்டு, பொட்டை அடைத்தபின் முதன்முறையாக வாளியோடு அந்தப் படலைக்குப் போனேன். பழைய பலகை அங்கே இல்லை. அந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அக்கா உள்ளே முருங்கையடியில் கதிரையில் இருந்தா. நாய் அவவின் காலடியில் இருந்து என்னைப் பார்த்தது.

“பலகையைக் கழட்டிப்போட்டியள்?”

“அது முந்தின நாய்க்கெண்டு சொன்னனானல்லே. இந்த நாய்க்குப் புதுசா ஒண்டு வேணும். தம்பி, கடையிலை விலைப்பலகை எழுதுறனீங்கள்தானே. எழுதித் தாறியளோ?”

“என்ன எழுத?”

அவ யோசித்தா. “நாய் கட்டியிருக்கு, கூப்பிட்டிட்டு வாங்கோ எண்டு எழுதுங்கோ.”

“கட்டாத நாளிலை?”

“கட்டாத நாளிலை நான் படலையிலை நிப்பன்.”

நான் படலையில் கையை வைத்தேன். கெண்டைக்கால் தானாகப் பின்னால் இழுத்தது. இதை உங்களுக்கு மறைக்கத் தேவையில்லை, இன்றைக்கும் எந்தப் படலையிலும் அது அப்படித்தான் இழுக்கிறது.

“வாங்கோ தம்பி. கயிறு என்ரை கையிலைதான் இருக்கு” என்றா அக்கா.

திறந்தேன். நாய் எழுந்தது. உறுமல் தொண்டைக்குள் வந்து பாதியில் நின்றது. அது என்னைப் பார்த்தது, என் வாளியைப் பார்த்தது, கடைசியில் அடைத்திருந்த பொட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் வரவேண்டிய இடத்தால் ஏன் வரவில்லை என்று யோசித்திருக்குமோ என்னவோ. பிறகு காலை மடித்து இருந்துகொண்டது.

கிணற்றில் ஒரு வாளி அள்ளினேன். முதலில் நாயின் சிரட்டையில் ஊற்றினேன். அது குடிக்கத் தொடங்கியபின் நானும் கையை ஏந்திக் குடித்தேன்.